நினைவு அச்சுப்படங்களும் தேசிய நினைவும்

நினைவு அச்சுப்படம் என்பது ஒரு நிகழ்வை, ஒருவரது வாழ்வை அல்லது சாவை மக்கள் மனதில் நிறுத்துவதற்காகப் பெருந்தொகையில் அச்சிட்டுப் பரப்பப்படும் படம். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டும் தனிப்படம், காலண்டர், தீப்பெட்டி லேபிள், அஞ்சல்தலை, சுவரொட்டி, பள்ளிக்கூடத்துத் தலைவர்கள் சார்ட் எல்லாம் இதில் அடங்கும். ஓவியம் ஒன்றுதான் இருக்கும்; அதைப் பார்க்க அது இருக்கும் இடத்துக்குப் போகவேண்டும். அச்சுப்படம் வீடு தேடி வரும். மளிகைக் கடையில் இனாமாகக் கிடைக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைப் படித்துவிடுவார். இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் நாடு, விடுதலை, தியாகம் போன்ற சொற்களுக்கு ஒரு முகம் கிடைத்தது பெருமளவில் இப்படங்களால்தான். அந்த முகங்களில் பல, உரியவரின் முகங்களே அல்ல என்பது இத்துறையின் முக்கியமான சிக்கல்.

நடுகல்லும் கல்லச்சும்

இறந்த வீரனைப் படமாக்கி நினைவுகூர்வது தமிழருக்குப் புதிதல்ல. போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டு, அதில் உருவும் பெயரும் பொறித்து வழிபட்டதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது வரையான படிநிலைகளைத் தொல்காப்பியம் புறத்திணையில் வகுக்கிறது. செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்களில் வீரன் வில்லோடும் வாளோடும் நிற்கிறான். அங்கே முகச்சாயல் முக்கியமில்லை. அவனை அடையாளம் காட்டுவது ஆயுதமும் எழுத்தும்தான். ஆனால் நடுகல் அந்த ஊர் எல்லையைத் தாண்டாது.

ஊர் எல்லையைத் தாண்டவைத்ததும் ஒரு கல்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தார். வழவழப்பாக்கிய சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு கலந்த மையால் வரைந்து, கல்லை நனைத்து, மேலே மை உருளையை ஓட்டுவார்கள். வரைந்த இடம் நீரை ஏற்காமல் மையை ஏற்கும். நனைந்த இடம் மையைத் தள்ளிவிடும். வண்ணப் படம் என்றால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல் வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று சற்றும் விலகாமல் பதியவேண்டும். இரவி வர்மா 1894-இல் மும்பையில் தொடங்கிய அச்சகம் இம்முறையில்தான் தெய்வப் படங்களை இந்தியா முழுக்க அனுப்பியது. பின்னாளில் தலைவர்களின் படங்கள் நடந்த பாதை சாமி படங்கள் போட்டுவைத்த பாதையே.

நாட்டுக்கு ஓர் உடல்

1905-இல் வங்கப் பிரிவினையின்போது அபனீந்திரநாத் தாகூர் நான்கு கைகளுடன் காவி உடுத்திய துறவிப் பெண்ணாகப் பாரத மாதாவை வரைந்தார். அதைப் பார்த்த சகோதரி நிவேதிதா, பல்லாயிரம் படிகள் அச்சிட்டு, கேதாரநாத் முதல் குமரி முனை வரை ஒரு குடிசை விடாமல் மாட்டவேண்டும் என்று விரும்பினார். படத்தைவிட அந்த விருப்பம் முக்கியமானது. கலைக்கூடத்தில் ஒரு நல்ல ஓவியமாக இருந்தால் மட்டும் போதாது, எல்லாச் சுவர்களிலும் ஒரே படம் தொங்கவேண்டும் என்ற எண்ணம் அப்போதே பிறந்துவிட்டது.

தமிழில் இந்த வேலையை இதழ்கள் தொடங்கின. சுப்பிரமணிய பாரதி பொறுப்பேற்று நடத்திய 'இந்தியா' வார இதழ் 1906-இல் சென்னையில் தொடங்கி 1908-இல் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. தமிழில் அரசியல் கருத்துப்படங்களைத் தொடர்ந்து வெளியிட்டதில் அது முன்னோடி. 1909-இல் அவர் ஆசிரியராக இருந்த 'விஜயா' நாளிதழ், இந்திய நிலப்படத்தின் வடிவத்தையே அன்னையின் உடலாக வரைந்து வெளியிட்டது. பள்ளிக்கூடத்துப் பூகோளப் படமும் கோயில் அம்மனும் ஒன்றாகக் கலந்த இந்த உருவம் பிறகு எண்ணற்ற காலண்டர்களில் வந்தது. நிலப்படம் என்பது நில அளவைக்காரர்கள் கோடு போட்டு உண்டாக்கியது. அதைப் பார்த்து யாரும் கண்ணீர் விடமாட்டார்கள். அதற்குச் சேலை கட்டியபோதுதான் அது தாயாயிற்று.

தூக்குமேடையும் தாம்பாளமும்

பகத்சிங், இராஜகுரு, சுகதேவ் மூவரும் 1931 மார்ச் 23 அன்று லாகூரில் தூக்கிலிடப்பட்டனர். கான்பூர், கல்கத்தா போன்ற நகரங்களின் அச்சகங்கள் உடனே இயங்கின. பகத்சிங்குக்கு ஒரு முகம் ஏற்கெனவே கைவசம் இருந்தது. 1929 ஏப்ரலில் மத்திய சட்டசபையில் குண்டு வீசுவதற்குச் சில நாள் முன்பு தில்லியில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த, தொப்பி அணிந்த புகைப்படம் அது. அச்சுப்படங்கள் திரும்பத் திரும்ப அந்தத் தொப்பியையும் மீசையையும் வரைந்ததால், பெயர் எழுதாவிட்டாலும் ஆள் தெரிந்தது.

அக்காலத்தில் மிகவும் பரவிய படங்களில் ஒன்று, பகத்சிங் தன் தலையைத் தானே கொய்து பாரத மாதாவுக்குக் காணிக்கையாக அளிக்கும் காட்சி. தமிழ்க் கண்ணுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கொற்றவை முன் தன் தலையை அரிந்து கொடுக்கும் நவகண்டச் சிற்பங்கள் தமிழ்நாட்டுக் கோயில்களில் உண்டு. ஆனால் பகத்சிங் கடவுளை மறுத்தவர். 'நான் ஏன் நாத்திகன்' என்ற அவரது கட்டுரையை ப. ஜீவானந்தம் 1930-களில் தமிழாக்கினார். அதற்காகக் கைதும் செய்யப்பட்டார். பெரியார் 1931 மார்ச் 29 'குடி அரசு' தலையங்கத்தில் பகத்சிங்கின் சமதர்மக் கொள்கையைத்தான் எடுத்துப் பேசினார். ஆக ஒரே மனிதருக்குத் தமிழ்நாட்டில் இரண்டு நினைவுகள் உண்டாயின. எழுத்தின் வழி வந்தவர் நாத்திகப் பொதுவுடைமையாளர். படத்தின் வழி வந்தவர் அம்மனுக்குத் தலை கொடுத்த பக்தர். எது அதிகம் பேரை எட்டியது என்று கேட்டால், படம்தான் என்று தயங்காமல் சொல்லலாம்.

அரசும் படத்தின் வலுவை அறிந்திருந்தது. 1910, 1931 ஆண்டுகளின் பத்திரிகைச் சட்டங்களின்கீழ் புத்தகங்களோடு படங்களும் பறிமுதல் ஆயின. சென்னை அரசு 1928-இல் பாரதியின் தேசப்பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது போலவே, வட இந்தியாவில் பகத்சிங் படங்கள் தடைக்கு உள்ளாயின. பறிமுதலான படிகள் இலண்டனில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை ஒழிக்க நினைத்த அரசே ஆய்வாளர்களுக்குச் சேர்த்துவைத்துக் கொடுத்தது போலாயிற்று.

சிவகாசியும் கோவில்பட்டியும்

தமிழ்நாட்டு நினைவுப் படங்களின் கதை பெரும்பாலும் இரண்டு கரிசல் ஊர்களின் கதை. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். லேபிள் அடிக்க வந்த லித்தோ இயந்திரங்கள் பிறகு காலண்டர் அடித்தன. சில பத்தாண்டுகளில் இந்தியாவின் பெரும் பகுதிக்கு நாட்காட்டி அனுப்பும் ஊராகச் சிவகாசி மாறிவிட்டது.

அருகே கோவில்பட்டியில் ஓவியர்கள் இருந்தனர். சி. கொண்டையராஜு (1898–1976) சென்னையில் ஓவியம் பயின்று, திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சிலகாலம் வாழ்ந்து, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதும் ஓவியராக ஊர் ஊராகச் சென்று, 1940-களில் கோவில்பட்டியில் தங்கினார். டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் முதலான மாணவர்கள் அவரைச் சூழ்ந்து உருவாயினர். அவர்களின் முதன்மைத் தொழில் சாமி படம். மீனாட்சி கல்யாணமும் முருகனும் வரைந்த அந்தப் பாணியே வட்டாரத்தின் பொதுமொழியாகி, தலைவர் படங்களுக்கும் பரவியது. நேராகப் பார்க்கும் முகம், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், நாடகத் திரை போல விரியும் மலையும் தடாகமும், சுருக்கம் விழாத தோல். வயதான தலைவரும் இப்படங்களில் களைப்பே இல்லாமல் இருப்பார். பார்ப்பவர் கும்பிட வசதியாக வரைந்த படம் அது, வரலாற்றாசிரியருக்காக வரைந்ததல்ல.

காலண்டர் வணிகத்துக்கு ஒரு தனி நடைமுறை உண்டு. அச்சகம் படத்தை மொத்தமாக அச்சிட்டு, கீழே கடைப் பெயருக்கு இடம் விட்டுவைக்கும். நகைக்கடையோ அரிசி மண்டியோ ஆர்டர் கொடுத்ததும் அந்த இடத்தில் பெயரும் முகவரியும் ஏறும். அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பம் ஆடிப்பெருக்கு நாளில் சிவகாசியில் வெளியாவது வழக்கம். முகவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். கடைக்காரர் பக்கங்களைப் புரட்டி, "இந்த நம்பர் இருநூறு, அந்த நம்பர் முந்நூறு" என்பார். வரும் தையில் எந்தத் தலைவர் எத்தனை வீட்டுச் சுவரில் இருப்பார் என்பது அந்தப் பேச்சில் முடிவாகும். அமைச்சரவையும் பாடநூல் குழுவும் கூடித் தேசிய நினைவைத் தீர்மானிப்பதாக நாம் நினைக்கிறோம். ஆடி மாதத்து மளிகைக் கடைக்கும் அதில் பங்கு உண்டு.

கடைக்காரரின் கணக்கு எளிது. வாடிக்கையாளர் எவர் முகத்தையும் சுளிக்க வைக்கக் கூடாது. அதனால்தான் பிள்ளையாரும் லட்சுமியும் காந்தியும் நேருவும் அதிகம் அடிக்கப்பட்டனர். அம்பேத்கர் நெடுங்காலம் இந்த வழியில் வரவில்லை. நீலக் கோட்டும் கையில் புத்தகமுமாக அவரது படம் ஒடுக்கப்பட்ட மக்களின் அமைப்புகள், சிறு பதிப்பகங்கள், ஏப்ரல் 14, டிசம்பர் 6 சுவரொட்டிகள் வழியாகவே பரவியது. வட்டமேசை மாநாட்டில் அவரோடு அமர்ந்த இரட்டைமலை சீனிவாசனின் முகம் இன்றும் பலருக்குத் தெரியாது. காலண்டரில் இல்லாதது வரலாற்றிலேயே இல்லாததுபோல் ஆகிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

முகம் இல்லாதவர்களுக்கு முகம்

வீரபாண்டியக் கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். இன்று எந்தக் குழந்தையும் அவரை அடையாளம் காட்டும்: முறுக்கிய மீசை, அகன்ற விழி, நிமிர்ந்த மார்பு. அது 1959-இல் வெளிவந்த திரைப்படத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற வேடத்தின் தோற்றம். படம் வந்தபின் காலண்டர்களிலும் பள்ளி விழா மேடைகளிலும் அந்த உருவமே கட்டபொம்மன் ஆயிற்று. கயத்தாற்றில் சிவாஜி கணேசனே நிலம் வாங்கிச் சிலை நிறுவினார். நாடக மேடையில் பிறந்து, திரைக்கு ஏறி, அச்சுத்தாளுக்கு இறங்கி, கடைசியில் தூக்கிலிடப்பட்ட ஊரிலேயே சிலையாக நின்றது அத்தோற்றம். 1961-இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' வ.உ. சிதம்பரனாருக்கும் இதைக் கொஞ்சம் செய்தது. ஆனால் அவருக்குப் புகைப்படங்கள் இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க முடியும். கட்டபொம்மனுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

வேலு நாச்சியாரும் அப்படியே. 1780-இல் சிவகங்கையை மீட்ட அவருக்கு 2008 டிசம்பர் 31-இல் அஞ்சல்தலை வந்தது. அவரது முகமும் பிற்காலத்தவர் கற்பனையே.

பாரதியின் நிலை வேறு. ஐந்து புகைப்படங்கள் கிடைத்துள்ளன. ஆனால் சுவர்களில் இருப்பது அவற்றில் ஒன்றல்ல. முண்டாசும் கூரிய பார்வையுமாக நாம் அறிந்த பாரதி, ஓவியர் ஆர்யா என்ற பாஷ்யம் தீட்டிய படத்தின் வழிவந்தவர். 1932 ஜனவரி 26-இல் சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறித் தேசியக் கொடியைப் பறக்கவிட்டவர் இந்த ஆர்யாதான். புகைப்படங்களில் உள்ள மெலிந்த, சற்றே சோர்ந்த மனிதரைக் காண்பவர்கள் முதலில் திகைக்கிறார்கள். ஓவியம்தான் உண்மையான பாரதி என்று மனம் சொல்கிறது.

இதன் உச்சம் திருவள்ளுவர். எந்த உருவச் சான்றும் இல்லாத புலவருக்கு ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா வெண்ணிற ஆடையும் தாடியும் கையில் எழுத்தாணியும் சுவடியும் தந்தார். அப்படம் 1964-இல் தமிழகச் சட்டமன்றத்தில் திறந்துவைக்கப்பட்டது. 1967-க்குப் பின் அரசு அலுவலகங்களில் மாட்ட ஆணை வந்தது. சமயக் குறி எதுவும் இல்லாமல், எல்லோருக்கும் பொதுவானவராக அவரைக் காட்டியது அப்படத்தின் வெற்றி. 2019 நவம்பரில் ஓர் அரசியல் கட்சி காவி ஆடையும் திருநீறுமாக அவரைக் காட்டியபோது எழுந்த சர்ச்சையை நினைவில் கொள்ளலாம். வாதம் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு மனிதரின் உடை பற்றியதாகத் தோன்றும். உண்மையில் அது அறுபது ஆண்டு வயதுள்ள ஓர் அச்சுப்படம் யாருக்குச் சொந்தம் என்பது பற்றியது.

காந்தியின் மறைவு

1948 ஜனவரி 30-க்குப் பின் இந்தியாவெங்கும் அச்சகங்கள் காந்தி விண்ணுலகம் ஏகும் படங்களை வெளியிட்டன. சுட்டவன் யார், ஏன் சுட்டான் என்பது இத்தகைய படங்களில் பின்னால் போய்விடும். மேகமும் தேவர்களும் முன்னால் வருவார்கள். இது இந்தியருக்கு மட்டும் உரியதன்று. 1865-இல் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டபோது, வானுலகில் ஜார்ஜ் வாஷிங்டன் அவரைத் தழுவி வரவேற்கும் படங்கள் அமெரிக்காவில் விற்றன. கொலையைத் தாங்க முடியாத சமூகம் அதை மோட்சமாக்கித் தாங்கிக்கொள்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: காந்தியைக் கொன்ற அரசியலைப் பற்றி அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை எதையும் கற்றுக்கொள்வதில்லை.

அரசின் அஞ்சலி 1948 ஆகஸ்ட் 15-இல் அஞ்சல்தலையாக வந்தது. ஒன்றரை அணா முதல் பத்து ரூபாய் வரை நான்கு மதிப்புகள். 'பாபு' என்ற சொல் நாகரியிலும் உருதுவிலும் இருந்தது. அச்சிட்டது சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று. சுதேசியைப் போதித்தவரின் நினைவுத்தலை வெளிநாட்டில் அச்சானதை அப்போதும் பிறகும் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர்.

படத்தைச் சான்றாகப் படிப்பது

பழைய நினைவுப் படங்களில் ஆண்டு அச்சிட்டிருப்பது அரிது. ஆனாலும் படம் தன் வயதைத் தானே சொல்லும். கொடியில் இராட்டை இருந்தால் விடுதலைக்கு முந்தைய காங்கிரஸ் கொடி. அசோகச் சக்கரம் இருந்தால் 1947 ஜூலை 22-க்குப் பிந்தியது. திருப்பூர் குமரன் 1932 ஜனவரியில் கொடியோடு விழுந்தார். அவர் கையில் அசோகச் சக்கரக் கொடி இருக்குமானால், அப்படம் நிகழ்வைப் பார்த்து வரைந்ததல்ல. காந்தி தலைப்பாகையும் மேலாடையுமாக இருந்தால் பெரும்பாலும் 1921-க்கு முந்தைய தோற்றம். அவ்வாண்டு செப்டம்பரில் மதுரையில்தான் அவர் அரையாடைக்கு மாறினார். பாரத மாதாவின் பின்னால் உள்ள நிலப்படத்தில் பர்மா சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 1937-இல் அது இந்தியாவிலிருந்து பிரிந்தது. அடியில் உள்ள கடைப் பெயரும் முகவரியும் அந்தப் படம் எந்த ஊர்ச் சுவருக்குப் போனது என்று காட்டும். சேகரிப்பவர்கள் பலர் அந்தப் பகுதியைக் கத்தரித்துவிடுகிறார்கள். படம் அழகாகிறது, சான்று போய்விடுகிறது.

முகத்தின் மூலத்தையும் தேடவேண்டும். விவேகானந்தர் கைகட்டி நிற்கும் புகழ்பெற்ற தோற்றம் 1893-இல் சிகாகோவில் எடுத்த புகைப்படத்திலிருந்து அங்கேயே லித்தோ சுவரொட்டியாக அச்சாகி, உலகம் சுற்றித் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்தது. ஒரு படத்துக்குப் புகைப்பட மூலம் உண்டா, ஓவிய மூலம் மட்டுமா, நாடக வேடமா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டாலே பாதி தெளிவு கிடைக்கும்.

லித்தோ கற்கள் போய் ஆப்செட் வந்தது. இப்போது கைப்பேசியில் ஆகஸ்ட் 15 வாழ்த்துப் படங்கள் வருகின்றன. ஆனால் மிகவும் உயிரோடு இருக்கும் வடிவம் பள்ளி வாசலில்தான் இருக்கிறது. திருமுல்லைவாயில், அம்பத்தூர், ஆவடி போன்ற புறநகர்ப் பகுதிகளின் எழுதுபொருள் கடைகளில் 'தேசத் தலைவர்கள்' சார்ட் இன்றும் விற்பனையாகிறது. ஒரு தாளில் வரிசை வரிசையாக முகங்கள், கீழே பெயர்கள். புகைப்படத்திலிருந்து வந்த நேருவும் வேடத்திலிருந்து வந்த கட்டபொம்மனும் ஒரே அளவுக் கட்டத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். மாணவர் கத்தரிக்கோலால் வெட்டி நோட்டில் ஒட்டி, கீழே பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் எழுதுவார். எந்த முகத்தை யார் வரைந்தார் என்று எழுத அந்த நோட்டில் கோடு போட்டிருப்பதில்லை.